மார்ச் கடைசில எம்டிபி (மவுன்டன் பைக்) சைக்கிளோட செட்டிநாட்டுப் பக்கம் வரலாமா, ஓட்ட எடம் இருக்கா?

கேள்வி கேட்ட தம்பி டொரான்டோல இருக்காராம். அங்க மார்ச்லயும் ட்ரெயில் எல்லாம் பனியும் சேறுமா கெடக்குது, கூட ஓட்டுற பசங்க வருஷா வருஷம் அரிசோனால செடோனா பக்கம் போயிருவாங்க, இவரு இந்த வருஷம் அந்தக் காச டிக்கெட்டுல போட்டு பள்ளத்தூர்ல அப்பத்தா வீட்டுக்கு ரெண்டு வாரம் சைக்கிளோட வரலாம்னு பாக்குறாரு. மலை இருக்கா, ட்ரெயில் இருக்கா, வெயில் தாங்குமா, இதான் கேள்வி.

நான் காரைக்குடி. ஆறு வருஷமா ஒரு 29 இஞ்ச் வீல் ஹார்ட்டெயில (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற எம்டிபி) வச்சுக்கிட்டு இந்தச் சுத்துப்பட்டெல்லாம் சுத்திட்டு இருக்கேன். தாராளமா வாங்க தம்பி, ஆனா மலைய மறந்துட்டு வாங்க. இங்க மேடு உங்கள ஒண்ணும் பண்ணாது, வெயிலும் முள்ளும்தான் பண்ணும், அது ரெண்டுக்கும் ப்ளான் போட்டீங்கன்னா மிச்சத்தப் பத்தி கவலையே வேணாம்.

மொத வெயில். ஸ்ப்ரிங்னு நீங்க சொல்றது நம்ம ஊர்ல கெடையாது. ஸ்கூல்ல படிச்ச இளவேனில் சித்திரை வைகாசில வரும், அப்ப வந்து சைக்கிள் எடுத்தீங்கன்னா வேனில் மட்டும்தான் இருக்கும், இள இருக்காது. நெசமான சீசன் பொங்கல் முடிஞ்சதுல இருந்து மாசி பாதி வரைக்கும்: அறுப்பு முடிஞ்சு வயக்காடு தொறந்து கெடக்கும், கண்மாய்ல கொஞ்சம் தண்ணி நிக்கும், காலைல பனி எறங்கும், ஒம்பது மணிக்குக்கூட தெம்பா ஓட்டலாம். லீவ பிப்ரவரிக்கு மாத்த முடிஞ்சா யோசிக்காம மாத்திருங்க. முடியாது மார்ச் கடைசிதான்னா அது பங்குனி, மதியம் 36, 37 டிகிரி வரும், செடோனா மாதிரி காஞ்ச வெயில்னு நெனச்சுறாதீங்க, கடல் ரொம்பத் தூரம் இல்ல, புழுக்கமும் சேந்தே இருக்கும். அந்தச் சமயம் சூரியன் ஆறு இருவது வாக்குல உதிக்கும், அதனால அஞ்சரைக்கு ஹெட்லைட் போட்டுக் கெளம்பி ஒம்பதுக்குள்ள வீட்டு வாசல்ல நிக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம் வேணா சும்மா சுத்திட்டு வரலாம்.

இத நான் பட்டுத்தான் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே பங்குனில பெங்களூர்லருந்து மச்சான் வந்திருந்தாரு, வீட்டுல இட்லிய சாப்டுட்டுத்தான் போகணும்னு நிக்க வச்சதுல கெளம்புறப்பவே எட்டே கால், அரிமளம் பக்கம் தைலமரக் காட்டுக்குள்ள போயிட்டோம். போறப்ப சூப்பரா இருந்துச்சு. திரும்புறப்ப மச்சானுக்கு பஞ்சர், ஒட்டி முடிச்சா அடுத்த வீல்ல பஞ்சர், மணி பதினொண்ணு, தண்ணி காலி. தைலமரத்துக்கு நெழலே கெடையாது தெரியுமா, எல எல்லாம் கீழ பாத்துத் தொங்கும், வெயில் அப்படியே வடிகட்டாம எறங்கும். கொஞ்ச நேரத்துல எனக்கு வேர்வ நின்னு போயி கையில மயிர்க்கூச்செறிய ஆரம்பிச்சுருச்சு, அந்த வெயில்ல குளிருது, அதுதான் ஆபத்தான அறிகுறின்னு அப்பத் தெரியாது. ஆடு மேய்க்க வந்த ஒரு அப்பத்தா பாத்துட்டு தூக்குவாளிய தொறந்து நீராகாரத்த ஊத்துனாங்க, உப்புப் போட்டு சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டது, நாங்க குடிக்கக் குடிக்க அவங்க திட்டிக்கிட்டே இருந்தாங்க, "ஆடே இந்நேரத்துக்கு மரத்தடில படுத்துருச்சு, ஒங்களுக்கு என்னப்பா கேடு"ன்னு. அன்னைலருந்து ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாம நான் பைபாஸக்கூட தாண்டுறதில்ல.

அடுத்து முள்ளு. இங்க ரெண்டு ஜாதி. சீமைக் கருவேல முள்ளு நீளமானது, செருப்பையே தைக்கும், கண்மாய்க்கு உள்ளயும் கரையிலயும் அதேதான் மண்டிக் கெடக்கும், விறகு வெட்டுனவங்க போட்டுட்டுப் போன காஞ்ச கெளை பாதைல கெடந்தா டயரோட சைட்வால்ல ஏறும். இன்னொன்னு நெருஞ்சி. மஞ்சப்பூ பூத்து தரையோட தரையா படந்து அழகா இருக்கும், அதோட காய் காஞ்சதும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளு மேல பாத்து நிக்கும். உங்க அரிசோனா பசங்க கோட்ஹெட்னு ஒண்ணச் சொல்லிப் பொலம்புவாங்க இல்ல, அதே செடிதான் இது, அங்க போயி குடியேறிருக்கு. ஒரு தடவ ஊரணிக்கரைல ஐம்பது அடி குறுக்க வந்ததுக்கு முன் டயர்ல மட்டும் பதினோரு நெருஞ்சி எண்ணுனேன்.

அதனால ட்யூப் போட்டு வராதீங்க, ட்யூப்லெஸ்தான், அதுவும் சீலன்ட் (டயருக்குள்ள ஊத்துற, ஓட்டைய அடைக்கிற பால்) புதுசா ஊத்திட்டு வாங்க, கூட ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா எடுத்துக்குங்க, இந்த சூட்டுல அது சீக்கிரம் காஞ்சு உள்ள ரப்பர் உருண்டையா நிக்கும். நெருஞ்சி தச்சா புடுங்காம ஓட்டுங்க, வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா எடுத்து வீல சுத்தி விட்டா சீலன்ட் அடைச்சுக்கும், வழிலயே புடுங்கி வீரம் காட்டுனா பம்ப் அடிச்சே கை போயிரும். எமர்ஜென்சிக்கு ரெண்டு ட்யூப் நீங்களே கொண்டு வந்துருங்க, 29க்கு ஏத்த ட்யூப் மதுரை, திருச்சில பெரிய கடைல கெடைக்கும், இங்க உடனே கேட்டா கெடைக்காது. எங்க தெரு பஞ்சர் கடை அண்ணன்ட்ட மொத தடவ என் வீலக் குடுத்தப்ப ப்ரெஸ்டா வால்வ, அதான் காத்தடிக்கிற ஒல்லி மூக்க, ரெண்டு விரலால புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "என்ன தம்பி ஊசி மாதிரி இருக்கு, காத்து எது வழியா போகும்"னு கேட்டாரு. அவரு கம்ப்ரஸர் இதுல ஒக்காராது, அடாப்டர் வேணும்.

சரி, எங்க ஓட்டுறது. பள்ளத்தூர்ல இருந்தீங்கன்னா நீங்க குடுத்து வச்சவரு. செம்மண் பூமி, கிராவல் ரோடு, கண்மாய்க் கரை, தைலமரக் காடு, முந்திரிக் காடு எல்லாம் கைக்கெட்டுற தூரம். எனக்குப் புடிச்சது கண்மாய்க் கரைதான், ஒரு ஆள் நடக்குற அகலத்துக்கு மேல ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் வயலு, ஒரு பக்கம் காஞ்ச கண்மாய், நடுவுல மடை வந்தா எறங்கித் தூக்கணும், கலுங்கு வந்தா கல்லுப் படில தடதடன்னு எறங்கலாம், நீங்க அங்க காசு கட்டி ஓட்டுற சிங்கிள் ட்ராக்குக்குக் கொஞ்சமும் கொறச்சல் இல்ல, ஏத்தம் மட்டும்தான் இல்ல. பங்குனில கண்மாய்த் தரையே காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு நிக்கும், ஓரமா ஓட்டலாம், நடுவுல ஈரம் இருந்தா உள்ள வாங்கிரும். தைலமரக் காட்டுல நேரா வெட்டுன செம்மண் பாதைல நல்லா வேகம் எடுக்கலாம், திருப்பத்துல காஞ்ச சருகு கெடந்தா ப்ரேக்கத் தொடாதீங்க, எண்ணெய் ஊத்துன மாதிரி வழுக்கும்.

தூரமாப் போகணும்னா ஒரு நாள் கானாடுகாத்தான் வழியா திருமயம். தார் ரோட்ட விட்டுட்டு உள்ளூர் வண்டிப்பாதையாவே முக்காவாசி போயிரலாம். திருமயம் கோட்டை 1687ல சேதுபதி கட்டுனதுன்னு சொல்வாங்க, மொட்டப் பாறை, பாத்ததும் செடோனா நெனப்பு வரும், சைக்கிள மேல ஏத்தலாமான்னு கை துறுதுறுங்கும். வேணாம். அது தொல்லியல் துறை எடம், நார்த்தாமலை, சித்தன்னவாசல் பாறையும் அதே மாதிரிதான், சைக்கிளக் கீழ விட்டுட்டு நடந்து ஏறிப் பாத்துட்டு வாங்க. இன்னொரு நாள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி ரோடு பூரா காவடியும் பாதயாத்திரையுமா இருக்கும், அன்னைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க, போனாலும் எறங்கித் தள்ளிட்டுப் போங்க.

வழில ஐயனார் கோயில் காடு வரும், மண்ணுக் குதிரை வரிசையா நிக்கும். அதுக்குள்ளயும் பாதை போகும், நல்லாவும் இருக்கும். ஆனா எறங்கி செருப்ப, ஷூவக் கழட்டிட்டு சைக்கிளத் தள்ளிட்டுப் போறதுதான் மரியாதை. நான் ஒரு தடவ தெரியாம ஓட்டிட்டுப் போயி ஊர்ப் பெரியவர்ட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், தப்பு என் மேலதான்.

கூகுள் மேப்ல வராத ஒரு சங்கதி மஞ்சுவிரட்டு. தை மாசம் சிராவயல், மாசி மகத்துக்கு அரளிப்பாறைன்னு பெருசா நடக்குறது எல்லாருக்கும் தெரியும், ஆனா பங்குனி சித்திரைலயும் சின்னச் சின்ன ஊர்ல சாமி கும்பிடுக்கு நடத்துவாங்க. வாடிவாசல் எல்லாம் இல்லாம கண்மாய்ப் பொட்டல்ல கட்டுமாடா அவுத்து விட்டுருவாங்க. மாடு எந்தப் பக்கம் ஓடும்னு மாட்டுக்கே தெரியாது. காலைல டீக்கடைல ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெளம்புங்க, "அண்ணே இன்னைக்கு இந்தப் பக்கம் எங்கயும் மாடு அவுக்குறாங்களா"ன்னு. ப்ளக்ஸ் போர்டுல காள படம் பாத்தீங்கன்னா அப்படியே யூ டர்ன்.

மலை ஏறியே ஆகணும்னா ஒரு ரெண்டு நாள் ஒதுக்கி சிறுமலை போங்க. திண்டுக்கல் வரைக்கும் கார்ல சைக்கிளப் போட்டுட்டுப் போனா ரெண்டரை மூணு மணி நேரம், அங்கருந்து 18 கொண்டை ஊசி வளைவு, தார் ரோடுதான், ஆனா ஏத்தம் கால ஒரு கை பாத்துரும். கொல்லிமலைல 70 வளைவு இருக்கு, தூரம் ஜாஸ்தி, ரெண்டு வார லீவுல எனக்கென்னமோ அது தேவையில்லன்னுதான் தோணுது. எங்க போனாலும் காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதையப் பாத்து சைக்கிள விட்டுறாதீங்க, வனத்துறை அனுமதி வேணும், மார்ச் மாசம் காட்டுத்தீ சீசன் வேற. 2018 மார்ச் 11 தேனி பக்கம் குரங்கணில காட்டுத்தீல சிக்கி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், காட்ட ரசிக்கப் போன புள்ளைங்கதான் அவ்வளவு பேரும்.

சைக்கிளப் பொட்டில போடுறதுக்கு வருவோம். பின்னாடி செயின கியர் மாத்துற டிரெயிலர (derailleur) கழட்டி பப்பிள் ராப்ல சுத்தி ஃப்ரேமுக்கு உள்பக்கமா கட்டிருங்க, டிஸ்க் ரோட்டரக் கழட்டித் தனியா வைங்க, ப்ரேக் பேடுக்கு நடுவுல ஒரு அட்டையாவது சொருகுங்க, இல்லன்னா யாராவது லிவர அமுக்கிட்டா பேடு ஒட்டிக்கும். அந்த டிரெயிலர ஃப்ரேமோட மாட்டுற ஹேங்கர் ஒண்ணு ஸ்பேர் கட்டாயம். என் சித்தப்பா பையன் போன வருஷம் வெளிநாட்டுலருந்து கொண்டு வந்தப்ப ஏர்லைன்ஸ்காரங்க பொட்டியப் பொரட்டுனதுல ஹேங்கர் வளஞ்சு போச்சு, அந்த மாடலுக்கு இங்க எங்கயும் கெடைக்கல, மூணு வாரம் சைக்கிள் முகப்புலயே நின்னுச்சு, வர்றவங்க எல்லாம் எவ்வளவு வெலைன்னு கேட்டுட்டுப் போனதுதான் மிச்சம். டயருக்குக் காத்தடிக்கிற சிஓ2 கார்ட்ரிட்ஜ் கொண்டு வந்து செக்யூரிட்டில மல்லுக்கட்டாதீங்க, கைப்பம்பு போதும். திருச்சி ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் கெடச்சா அதையே எடுங்க, அங்கருந்து பள்ளத்தூருக்கு டாக்ஸில ரெண்டு மணி நேரம்கூட ஆகாது.

ஒம்பது மணிக்கு வீடு திரும்பிட்டா அப்புறம் பகல் பூரா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வெள்ளைப் பணியாரத்தக் காரச் சட்னியத் தொட்டு சாப்டுட்டு வளவுல (வீட்டு நடு முற்றத்துப் பக்கம்) ஆத்தங்குடித் தரைக்கல்லு மேல பாய் இல்லாமப் படுங்க, முதுகுக்கு அந்தக் குளிர்ச்சிய எந்த ஏசியும் தராது. ஆனா ஒண்ணு, சைக்கிளத் தெருவுலயே தண்ணி ஊத்திக் கழுவிட்டு, டயரத் தொடச்சுட்டு உள்ள ஏத்துங்க. செம்மண் தடம் அந்தக் கல்லுல பட்டுச்சுன்னா உங்க அப்பத்தா அடுத்த நாள் காலைல கதவத் தொறந்து விடுறது சந்தேகம்.

அப்புறம் அந்த ப்ரெஸ்டா அடாப்டர் ரெண்டா எடுத்துட்டு வாங்க தம்பி, சின்னதுதான், பாக்கெட்லயே கெடக்கும். ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு எங்க பஞ்சர் கடை அண்ணனுக்கு, என்கிட்ட இருந்தத வாங்கி அவரு தொலச்சுட்டு இப்ப என்னையவே வாரம் ஒருக்கா கேக்குறாரு.