ஐஸ் கோர் கேள்விகள்: மறுபடியும் அந்தத் தெர்மாமீட்டர்

கே: டெல்டா ஆக்சிஜன்-18 மைனஸ் 20 என்றால் 20 சதவீதம் குறைவா?

ப: சதவீதம் இல்லை, ஆயிரத்துக்கு 20. ஐஸ் கோரில், அதாவது பனியாற்றைத் துளைத்து எடுத்த ஐஸ் தண்டில், ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகை (ஐசோடோப்பு) கடல்நீரோடு ஒப்பிட்டால் அவ்வளவு குறைவு.

கே: இமயமலையின் தசுவோபு கோரில் ஒரு படலத்தில் மதிப்பு சட்டென்று இறங்குகிறது. அது குளிர்காலப் பனிதானே?

ப: மாதம் தவறாமல் வரும் கேள்வி. கிரீன்லாந்தில் படித்த பாடத்தை அப்படியே இமயமலையில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே குளிர் கூடினால் மதிப்பு இறங்கும், அதைத் தெர்மாமீட்டராக வாசிக்கலாம், சரி. இங்கே கதை வேறு. பருவமழை மேகம் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வருகிறது. கனமான மூலக்கூறுகள் முதலில் விழுந்துவிடும். வழியில் எவ்வளவு அதிகம் கொட்டுகிறதோ, மலைக்கு வந்து சேரும் மிச்ச ஆவி அவ்வளவு லேசு, மதிப்பும் அவ்வளவு இறங்கும். அதனால்தான் தெற்குத் திபெத்தில் வசந்தத்தில் விழுவதைவிட ஆகஸ்டில் விழுவது லேசாக இருக்கிறது. தெர்மாமீட்டராக வாசித்தால் ஆகஸ்டுதான் கடுங்குளிர் என்று ஆகிவிடும்! பல பத்தாண்டுச் சராசரி எடுத்தால் வெப்பநிலைக்கும் அதில் பங்கு உண்டு. யார் பங்கு பெரிது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மேற்குக் காற்று ஆளும் குலியா பனிமூடி போன்ற திபெத்தின் வடமேற்குப் பகுதிகளில் வெப்பநிலை வாசிப்பு ஓரளவு செல்லும். எப்போதும் சொல்வதுதான்: எந்த மலை, எந்தக் காற்று என்று பார்த்துவிட்டு அப்புறம் வரைபடக் கோட்டைப் படியுங்கள்.

கே: இமயமலை ஐஸில் ஐசோடோப்பு எவ்வளவு? அவசரம்.

ப: எந்தப் பனியாறு, எந்த உயரம், எந்த ஆழம்? அவசரத்தில் அதையும் எழுதியிருக்கலாம்.

கே: ஈரம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரியுமா?

ப: துப்பு கிடைக்கும், முகவரி கிடைக்காது. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) மதிப்பிலிருந்து ஆக்சிஜன்-18 மதிப்பின் 8 மடங்கைக் கழியுங்கள். பருவமழை ஈரம் என்றால் மிச்சம் 10-ஐ ஒட்டி நிற்கும். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருவது 20-ஐத் தொடும். வறண்ட காற்று கடல்மேல் வீசி வேகமாக ஆவியாக்குவதன் தடம் அது. ஆனால் பனி விழுந்தபின் ஆவியானாலும், உருகி வழிந்தாலும் கணக்கு கெடும். எந்த மலை, எந்தக் காற்று, மறக்க வேண்டாம்.

கே: 1790களில் பருவமழை பொய்த்ததை ஐசோடோப்பு காட்டியதாகப் படித்தேன்.

ப: திரும்பப் படியுங்கள். தசுவோபுவில் அதைக் காட்டிக்கொடுத்தது தூசியும் குளோரைடும்.

கே: கைலாயத்துக்குத் தெற்கே உள்ள நைமோனானி கோரில் கடந்த 50 ஆண்டு ஈரத்தைப் பார்க்கலாமா?

ப: முடியாது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன கதிரியக்கத் தடமே அதில் இல்லை. அதற்கு மேலே இருந்திருக்க வேண்டிய பனியும் போய்விட்டது.