ரயில் பெட்டி வடிவமைப்பாளர் வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் எட்டு ஆண்டு ஷெல், அதாவது பெட்டியின் வெளிக்கூடு. அப்புறம் இன்றுவரை பர்னிஷிங்: இருக்கை, படுக்கை, கதவு, கழிவறை. வேலையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி: அக்கா, டிசைனர் என்றால் ரயிலுக்கு அழகான உருவம் வரைபவரா?

அப்படி வரைபவர்களும் உண்டு, ஆனால் சிலர்தான். மற்ற எல்லோருக்கும் திரையில் விழும் முதல் கோடே ஏற்கெனவே முடிவானதாக இருக்கும். அகல ரயில்பாதையின் அகலம் 1676 மி.மீ. நடைமேடை, சுரங்கம், சிக்னல் கம்பம் எல்லாம் நாம் பிறக்கும் முன்பே நட்டவை. ஓடும் பெட்டி எதிலும் உரசக்கூடாது என்பதற்காக ஓர் எல்லைக்கோடு விதியாகவே இருக்கிறது. அதற்குள்தான் நம் கற்பனை எல்லாம்.

வளைவு வந்தால் அந்த எல்லை இன்னும் இறுகும். பழைய நீலப் பெட்டிக்குப் பதிலாக வந்த, ஜெர்மன் வடிவமான எல்ஹெச்பி பெட்டியின் நீளம் 23.54 மீட்டர், அகலம் 3.24 மீட்டர். இரண்டு போகிகளின், அதாவது பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களின், மையங்களுக்கு நடுவே 14.9 மீட்டர். 175 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இந்தப் பெட்டி நின்றால், அதன் நடுப்பகுதி தண்டவாளத்தின் மையக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 159 மி.மீ. உள்பக்கம் தள்ளி நிற்கும். முனைகள் சுமார் 237 மி.மீ. வெளியே போகும். தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட வட்டக் கணக்குதான். பெட்டியை நீட்டினால் அகலத்தை ஏன் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போது கையிலேயே தெரிந்துவிடும்.

ரயில் ஆர்வலர் ஒருவர்: பழைய நீலப் பெட்டியை ஏன் நிறுத்தினார்கள் மேடம்? அதுவும் நன்றாகத்தானே ஓடியது?

நன்றாகத்தான் ஓடியது. 1955-இல் சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு வந்த வடிவம் அது. அறுபது ஆண்டுக்கு மேல் நாட்டையே சுமந்தது. 2018 ஜனவரியில் ஐசிஎஃப் அந்த வகையைக் கட்டுவதை நிறுத்தியது. முக்கியக் காரணம் பாதுகாப்பு. பழைய பெட்டிகளைத் திருகுக் கொக்கி இணைக்கும். பெரிய மோதலில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறிவிடும் ஆபத்து அதில் அதிகம். எல்ஹெச்பியின் நடு இணைப்பான் இறுக்கமாகக் கவ்விக்கொள்வதால் அப்படி ஏறுவதைப் பெரும்பாலும் தடுக்கும். உயிரைக் காப்பாற்றும் மாற்றம் என்பதால் எனக்கு இதில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

இன்னொன்று. முழுப் பெட்டியையும் 'போகி' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். தொழிற்சாலையில் போகி என்றால் சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கீழ்ச்சட்டம் மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது பழகிவிடும்.

டிப்ளமா முடித்த தம்பி ஒருவர்: அக்கா, நீங்கள் செய்த பெரிய தவறு எது?

சேர்ந்த இரண்டாம் ஆண்டு. கூரைக்குள் ஒரு பிராக்கெட், ஆறு போல்ட். கணினியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, டிராயிங்கும் கையெழுத்தாகிப் போய்விட்டது. பத்து நாள் கழித்துக் கீழே, பெட்டி கட்டும் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். மூத்த ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நீயே முடுக்கும்மா" என்றார். மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டேன். ஐந்து போல்ட் ஏறின. ஆறாவதில் ஸ்பேனர் கால்வாசிகூடத் திரும்பவில்லை, பக்கத்தில் ஏசி குழாய். அவர் திட்டவே இல்லை. "போல்ட்டுக்கு மட்டும் இடம் விட்டிருக்க, கைக்கு விடலையே" என்றார். டிராயிங்கைத் திருத்தி, போல்ட்டை நாற்பது மி.மீ. நகர்த்தினோம். அன்றிலிருந்து என் மாடலில் ஸ்பேனரையும் ஒரு கையையும் வைத்துப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

செய்திகள் படிப்பவர்: வந்தே பாரத்தின் மூக்கு மாடு மோதியே உடைந்ததே, அது மட்டமான வேலை இல்லையா?

இல்லை. 2022 அக்டோபரில் மும்பை – காந்திநகர் வண்டி எருமைகள் மீது மோதியது. உடைந்தது காற்றைக் கிழிக்க வைத்த கண்ணாடியிழை உறை. அது சுமை தாங்கும் பாகமே இல்லை. அடி வாங்கினால் கழற்றி வேறு மாட்ட வேண்டும் என்றே வைப்பது. எஃகுச் சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அடிக்கடி பயணம் செய்பவர்: ஒரு பெட்டியில் இத்தனை படுக்கை என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஏணி ஏறவே உயிர் போகிறது மேடம்.

எண்ணிக்கை மேலிருந்து வரும். சாதாரண எல்ஹெச்பி மூன்றடுக்கு ஏசியில் 72 படுக்கை, எகானமி வகை 2021-இல் வந்தபோது அதில் 83. கூடுதல் பதினொன்றும் அதே நீளத்துக்குள்தான். காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறவருக்கு அது ஓர் இடம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பக்கவாட்டில் நடுப்படுக்கை வைத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மக்கள் பட்ட பாட்டில் பெரும்பாலான வண்டிகளில் அதை எடுத்தார்கள். எடுத்தது சரிதான்.

ஏணிக்கு வருகிறேன். எதையும் தகட்டில் வெட்டும் முன் ஒட்டுப்பலகையில் நிஜ அளவுக்கு மாதிரி கட்டுவோம். ஒரு முறை எங்கள் கேன்டீனில் வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டு மேல் படுக்கைக்கு ஏறச் சொன்னேன். புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஏற அவருக்கு மீதி இருந்தது ஒரே கை. நான் வைத்திருந்த கைப்பிடியை அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு சாண் கீழே, ஒன்றுமே இல்லாத பலகையில் கையை ஊன்றினார். மூன்று முறை ஏறினார், மூன்று முறையும் அதே இடம். சாக்பீஸால் அங்கே வட்டம் போட்டு, கைப்பிடியை அங்கே மாற்றினோம். இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆளை மனதில் வைத்து நான் வரைந்திருந்தேன்.

வேலை தேடும் பலர்: எப்படிச் சேர்வது?

ரயில்வேக்குள் என்றால் ஆர்ஆர்பி, அதாவது ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு ஒரு வழி. தனியார் வேண்டுமென்றால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் பெட்டி கட்டும் ஆல்ஸ்டாம் நிறுவனம் இருக்கிறது. பொதுத்துறையில், ரயில் பெட்டியும் கட்டும் பெங்களூரு பெமல் நிறுவனம். உருவ வடிவமைப்பில் ஆசை என்றால் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (NID) போன்ற இடங்களில் படிக்கலாம். கேடியா, கிரியோ என்று எந்த வடிவமைப்பு மென்பொருள் தெரிந்தாலும் சரி, மாற்றிக்கொள்ள மூன்று மாதம் போதும். வெல்டிங் தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய பலம்.

மாணவி மறுபடியும்: அதுவரை நானாகவே ஏதாவது செய்யலாமா அக்கா?

ஐசிஎஃப் பக்கத்திலேயே சென்னை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போ. அனுமதி கேட்டு, பழைய பெட்டி ஒன்றின் வாசற்படிகளை அள. ஒவ்வொரு படியின் உயரம், கைப்பிடி தொடங்கும் இடம், உன் பாட்டியின் முழங்கால் உயரம், மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டு வா. அங்கிருந்து பேசலாம்.