‘பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சுபாவமும் சர்க்கரையும்

கேள்வி: எனக்கு 43 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எதையும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது என் பிறவிக் குணம். அக்கா எனக்கு நேர்மாறு. சாப்பாடு, நடை எல்லாம் அவளுக்கு நேரம் தவறாது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சென்ற மாதப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம் வந்திருக்கிறது. சித்திரையில் வாங்கிய ஷூ இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. குணம் மாறாத எனக்கு நோய் வருவது விதிதானா? – வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். நீங்கள் வாசற்படியில்தான் நிற்கிறீர்கள். இன்னும் உள்ளே போய்விடவில்லை.

குணத்துக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற உங்கள் எண்ணம் சரியானதே. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 அறிவுக்கூர்மையுள்ள சிறார்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய குணங்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் எப்படி மதிப்பிட்டார்கள் என்று பதிந்துவைத்தார். அந்தப் பதிவுகளை ஹோவர்ட் ஃபிரீட்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் அந்தச் சிறார்களின் பிற்கால இறப்பு விவரங்களோடு ஒப்பிட்டு 1993இல் வெளியிட்டபோது, சிறுவயதிலேயே பொறுப்பும் முன்யோசனையும் உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தது தெரிந்தது. கலகலப்பானவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகளுக்கோ அப்படி நீண்ட ஆயுள் அமையவில்லை என்பது பலரையும் வியக்கவைத்தது.

இதைப் படித்ததும் மனம் தளர வேண்டாம். பொறுப்புணர்வு நேராக ரத்தத்தில் கலந்து சர்க்கரையைக் குறைப்பதில்லை. புகையைத் தொடாதது, அளவாகச் சாப்பிடுவது, மருத்துவர் சொன்ன நாளில் போய் நிற்பது என்று அன்றாடச் செயல்களின் வழியாகத்தான் அது கணிசமான அளவுக்கு உடம்பை எட்டுகிறது. அப்படியானால் அக்காவின் குணம் உங்களுக்கு வாய்க்காவிட்டாலும் அக்காவின் செயல் உங்களுக்கு வாய்க்கலாம். இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், உங்களைப்போல விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டதால், மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். அந்த ஆய்வில் யாருடைய குணத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

தள்ளிப்போடுகிறவர்களுக்கு ‘நாளையிலிருந்து நடப்பேன்’ என்ற தீர்மானம் உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு காலையும் அந்தத் தீர்மானத்தைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழி எளியது: ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு புதியதை முடிச்சுப்போட்டுவிடுவது. இரவுச் சாப்பாடு முடிந்து கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்ததும் தெருமுனை வரை போய்த் திரும்புவேன் என்று நேரத்தையும் இடத்தையும் குறித்து எழுதிவையுங்கள். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். முதல் வாரம் அந்தப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள்; ஒரு மணி நேரம் என்று தொடங்கி நான்காம் நாள் படுத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில் ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அதைக் கெடுக்கவில்லை. அதனால் ஒரு நாள் தவறினால் ‘பார்த்தாயா, என் குணம்’ என்று உங்களையே குற்றம் சொல்லாமல் மறுநாள் நடங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோர்வு, உடல் கனத்தல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை அண்மையில் கூடியிருந்தால் அதைக் குணம் என்று ஒதுக்காதீர்கள். தைராய்டுச் சுரப்புக் குறைவும் மனச்சோர்வும் சோம்பல் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக மறைந்திருப்பதுண்டு. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியையே காட்டும். மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து, அன்று உடன் வரும்படி அக்காவிடம் சொல்லிவையுங்கள். அந்த வேலைக்கு அவர் பொருத்தமானவர். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசற்கதவருகே வைத்துவிடுங்கள்.