அப்பாவின் ஆம்ப்ளிஃபயரை மாற்றிவிடலாமா?

கேள்வி: 1980-களில் அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் என் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாட்டுக் கேட்கிறேன். கொஞ்ச நாளாக வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறது. இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது. பாட்டு ஓடாதபோதும் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல். மேசையில் பாதி இடமும் அதற்கே போகிறது. புதிதாக வாங்கலாமா? எத்தனை வாட்ஸ் வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, கோளாறு ஆம்ப்பில்தானா என்று பாருங்கள். புது ஆம்ப் வாங்கி மாட்டிய பிறகும் அதே இரைச்சலைக் கேட்டு நொந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ‘உம்ம்’. கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஆடியோ வயரை ஆம்ப்பின் பின்பக்கத்திலிருந்து கழற்றிவிடுங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. இரண்டு கருவிகளும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆவதால் வரும் வினை அது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டும் கேட்டுப் பாருங்கள். வயரே இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் உறுமினால், பவர் சப்ளையிலுள்ள பெரிய கண்டென்சர்கள் வயதாகி உலர்ந்திருக்கக்கூடும்.

இடது ஸ்பீக்கருக்கு: ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் மௌனமானால் கோளாறு ஆம்ப்பிலோ கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரிலோ இருக்கிறது. பழைய இடது ஸ்பீக்கரே மறுபடி மௌனமானால் அந்த ஸ்பீக்கரையோ அதன் வயரையோ பாருங்கள்.

கரகரப்பு வால்யூம் கண்ட்ரோலில் சேர்ந்த அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் தயவுசெய்து நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். கிளீனிங், கண்டென்சர் இவற்றோடு வேலை முடியுமென்றால் செய்துவிடலாம். ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் யோசியுங்கள். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 2என்3055 டிரான்சிஸ்டருக்குக்கூட இன்று கடைகளில் போலிகள் நிறைய.

சரி, புதிது. ஆம்ப்பை மட்டும் மாற்றுங்கள், ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்திருந்தால் அதை மட்டும் புதுப்பிக்கலாம். மேசைக்கு உள்ளங்கை அளவு ‘கிளாஸ் டி’ ஆம்ப் போதும். பழைய வகை ஆம்ப் வெப்பமாக வீணாக்குவதில் பெரும்பகுதியை இது மிச்சப்படுத்தும், அதனால்தான் இவ்வளவு சிறியது.

வாட்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் உட்காருகிறீர்கள். சாதாரண ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே அந்தத் தூரத்தில் 85, 87 டெசிபல் தரும். அறைக்கு அதுவே தாராளம். ஒரு பக்கத்துக்கு 20, 30 வாட்ஸ் என்பது தேவைக்கு மேல். பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கணக்கையே விட்டுவிடுங்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள்.

அடாப்டரையும் கேளுங்கள். இந்தச் சிறிய ஆம்ப்களில் அதிகம் புழங்கும் டிபிஏ3116 சிப், 21 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் தரும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதே ஆம்ப்போடு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால், 8 ஓம் ஸ்பீக்கரில் 9 வாட்ஸைத் தாண்டும்போதே ஒலி உடையத் தொடங்கிவிடும். 24 வோல்ட் அடாப்டரோடு வருவதையே வாங்குங்கள். உங்கள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பது அதன் முதுகில் எழுதியிருக்கும். யூஎஸ்பி இன்புட் இருந்தால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையில் வரும் சிணுங்கல் பெரும்பாலும் இருக்காது. புளூடூத் மட்டும் உள்ளது வேண்டாம், ஒலி தாமதமாக வருவதால் படம் பார்க்கும்போது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகக்கூடும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் அப்பாவின் ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறதா? இந்தச் சிறிய ஆம்ப்களில் பொதுவாக ஃபோனோ இன்புட் கிடையாது. பழையதில் பெரும்பாலும் இருக்கும். அப்படியென்றால் பழையதைச் சரிசெய்து ஹாலுக்குக் கொண்டுபோங்கள், புதியது மேசையில் இருக்கட்டும்.