வெயிலில் பைக்கா எப்படி மேய்கிறது?

மலைவிலங்குகள் சூட்டுக்கு ஒதுங்கவும் வேண்டும், வயிறும் நிரம்ப வேண்டும். எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வட அமெரிக்க மலைகளில் வாழும் பைக்காவைப் பாருங்கள். முயலுக்கு உறவான, கைக்குள் அடங்கும் பிராணி. உடல் வெப்பநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். ஏறத்தாழ 3 டிகிரி கூடினாலே உயிர் போய்விடும். பனியில் காக்கும் அடர்ந்த ரோமம் கோடையில் சூட்டை வெளியே விடாது.

அதனால் வெயில் ஏறியதும் பாறை இடுக்குக்குள் போய்விடும். காலையும் மாலையும் பாறை ஓரத்தை விட்டு அதிகம் விலகாமல் மேயும்.

சிக்கல் என்னவென்றால், அது குளிர்காலத்தில் நீள்துயில் கொள்வதில்லை. கோடையிலேயே தண்டும் பூவுமாக வாயில் குறுக்கே கவ்வி வந்து, குளிர்காலத் தீனிக்காகப் பாறைக்கடியில் வைக்கோற்போர் போலக் குவித்தாக வேண்டும். பகலெல்லாம் ஒளிந்திருந்தால் போர் சிறுத்துவிடும். இதில் அருமையான விஷயம், நச்சுத்தன்மையுள்ள செடிகளையும் அது சேர்ப்பதுதான். அந்த நச்சுதான் போரை அழுகாமல் காக்கிறது. மாதங்கள் கழித்து வீரியம் குறைந்தபின் தின்கிறது.

அமெரிக்காவின் வடமேற்கில், தாழ்வான கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் பைக்காவுக்கு வேறு வழி: பாறைமேல் படர்ந்த பாசியே முக்கிய உணவு. நிழலை விட்டு வர வேண்டியதில்லை. பாசியில் சத்து குறைவு. தன் மென்புழுக்கையையே மறுபடி தின்று அதை ஈடுகட்டுகிறது.