வாசகர் கேள்வி – பதில்: கடலை மூடுவது யார்?

கேள்வி: பலாவு என்னும் சிறு தீவு நாடு தன் கடலின் பெரும்பகுதியில் மீன்பிடியைத் தடைசெய்துள்ளதாக வானொலியில் கேட்டேன். கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள் இதற்கு எவ்வாறு இணங்கினார்கள்? எங்கள் நந்திக்கடலுக்கு இது பொருந்துமா?
– வாசகி ஒருவர், முல்லைத்தீவு

பதில்: தாங்கள் கேட்டது உண்மையே. ஏறத்தாழ 18,000 பேர் வாழும் பலாவு, 2015இல் இயற்றிய சட்டத்தின்படி, தன் பொருளாதாரக் கடல் வலயத்தின் (மீன்பிடி உரிமை தனக்கே உள்ள கடற்பரப்பின்) 80 சதவீதத்தை 2020 சனவரி 1 முதல் மூடியது. அதனால் முதலில் விலக நேர்ந்தவை, கட்டணம் செலுத்திச் சூரை பிடித்துச்சென்ற அந்நியக் கப்பல்களே. எஞ்சிய 20 சதவீதம் உள்நாட்டுத் தேவைக்கு ஒதுக்கப்பட்டது. சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கே 'புல்' என்றொரு வழக்கம் உண்டு (நம் ஆடுமாடு மேயும் புல்லன்று). மீன் சினைவிடும் காலத்தில் ஒரு முருகைக்கல் திட்டில் எவரும் தொழில் செய்யலாகாது என்று ஊர்த்தலைவர்கள் விதித்தால், ஊர் அதற்குக் கட்டுப்படும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் சட்டம் எழுந்தது.

இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபட்டியின் கதை வேறு. 811 சதுர கிலோமீற்றர் நிலமும் ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீற்றர் கடலும் கொண்ட அந்நாடு, பீனிக்ஸ் தீவுகளைச் சூழ்ந்த 4 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் வணிக மீன்பிடியை 2015இல் நிறுத்தியது. 2021இல் அதை மீண்டும் திறப்பதாக அறிவித்தது. அரசின் வருமானத்தில் பெரும்பங்கு மீன்பிடி அனுமதிக் கட்டணமாக இருக்கையில் அம்முடிவைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும், அத்தீவுகளில் அநேகமாக மனிதர் வாழாததால், அந்தத் தடையைத் தன்னுடையதென்று கருதிக் காக்க அங்கே ஊரே இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் நந்திக்கடல் களப்பு 2017இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வர்த்தமானியில் எல்லை குறித்ததனால் மட்டும் இறால் பெருகிவிடாது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் களப்புக்குள் வந்து வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. அவை திரும்புமுன்னரே சிறுகண் வலையில் அள்ளப்பட்டால் அடுத்த பருவத்துக்குத் தாய் இறால் குறைந்துவிடும். எனவே முழுக் களப்பையும் ஆண்டு முழுவதும் மூடுவதைவிட, முகத்துவாரம் திறந்தபின் எத்தனை வாரம், எந்தப் பகுதியில், எந்தக் கண்ணளவு வலையைத் தவிர்ப்பது என்று கடற்றொழிலாளர் சங்கங்களே கூடி வரையறுப்பது பலாவு வழிக்கு நெருக்கமானது. கடலில் அடித்தளத்தை வாரியிழுக்கும் இழுவைமடி ஓடும்வரை களப்புக்காரரை மட்டும் கட்டுப்படுத்துவது நீதியாகாது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டமும் 2017இலேயே நம் நாட்டில் நிறைவேறியது.

கேள்வி: கண்டல் அழிந்த கரையில் சவுக்கு நட்டால் போதாதா?
– வாசகர் ஒருவர், கொக்கிளாய்

பதில்: போதாது. சவுக்கு காற்றைத் தடுக்கும். உவர்நீருக்குள் வேரூன்றி மீன்குஞ்சுக்கு மறைவிடம் தராது. மாலைதீவின் குல்ஹுதுஃபுஷியில் விமான நிலையத்துக்காகக் கண்டல் சதுப்பை நிரப்பியபோது, அங்கே தேங்காய் மட்டை ஊறவைத்துக் கயிறு திரித்த பெண்களின் தொழிலும் அடிபட்டது. தாங்கள் நட விரும்பினால், அவ்விடத்தில் முன்பு நின்ற கண்டல் மரம் கண்ணாவா தில்லையா என்று முதியவர்களிடம் கேளுங்கள். உவர்நீர் வந்துபோகும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். அருகில் கண்டல் எஞ்சியிருந்தால், விதைகளை நீரே கொண்டுவந்து சேர்க்கும்.