கம்பும் அரிசியும் வைத்தும் தோட்டத்துக்குப் புறாவும் காக்காவும்தான் வருகின்றன. மற்ற குருவிகள் வர என்ன செய்யலாம்?

தினமும் மாடியில் கம்பும் அரிசியும் வைக்கிறீர்கள், மாடப்புறா கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகிறது, தேன்சிட்டோ சின்னானோ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தானியத்தை நிறுத்துங்கள். நம் ஊரில் வீட்டைச் சுற்றி வாழ்கிற பறவைகளில் தானியம் தின்பவை கொஞ்சம்தான். சிட்டுக்குருவி, புறா வகைகள், சில்லை, கிளி, அவ்வளவுதான் பெரும்பாலும். மற்றதெல்லாம் பூச்சி, பழம், பூந்தேன் என்று பிழைக்கிறவை. தையல்சிட்டுக்கு முன்னால் ஒரு மூட்டை கம்பைக் கொட்டினாலும் அது திரும்பிப் பார்க்காது. மாடப்புறாவோ ஆதியில் பாறை இடுக்கில் கூடு வைத்த பறவை, அதற்கு நம் சன்ஷேடும் ஏசி பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தும் பாறை மாதிரிதான். கூடவே மூன்று வேளையும் தானியம் கிடைத்தால் பெருகத்தான் செய்யும். அதன் எச்சம் காய்ந்து தூசியாகி நாள்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை வந்து பெரிய தொந்தரவாகிவிடும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் வீடு மதுரைக்கு வெளியே, நாலு சென்ட் இடம். வீடு போக கொல்லையில் ஒரு எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை, இரண்டு வாழை, வேலியோரம் செம்பருத்தி. நானும் உங்களைப் போலத் தீனியில்தான் ஆரம்பித்தேன். நிலைமை மாறியது தீனியால் இல்லை, கொல்லையைக் கூட்டுவதை நிறுத்தியதால்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. சருகு கிடந்தால் வீடு விளங்காது என்று நினைக்கிறவர். கடைசியில், "வாசலை நான் கூட்டிக்கிறேன், கொல்லையை நீ என்னமும் பண்ணிக்கோ" என்று விட்டுவிட்டார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பத்தடி நீளத்துக்கு முருங்கை இலையும் வாழைச் சருகும் அப்படியே மட்கட்டும் என்று விட்டேன். இரண்டு மாதத்தில் தவிட்டுக்குருவிகள் வந்தன, ஏழெட்டு சேர்ந்த கூட்டம். ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புரட்டி அடியில் இருக்கிற கரப்பானையும் சிலந்தியையும் கரையானையும் பொறுக்கும், ஒன்று மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும், பூனை தலை தெரிந்தால் போதும், மொத்தமும் கத்தித் தீர்த்துவிடும். அப்புறம் குண்டுகரிச்சான், செம்போத்து, எப்போதாவது கொண்டலாத்தி. எல்லாம் சருகுக்கும் மண்ணுக்கும் வந்தவைதான்.

அதே மூலைக்கு ஒரு அக்டோபர் காலையில் வந்ததை நான் மறக்கவே முடியாது. ராத்திரி முழுக்க மழை. பல் விளக்கிக்கொண்டு பின்னால் போனால் சருகுக்குள் குட்டை வாலோடு ஒரு பறவை, முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, சிறகில் நீலம், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி! விடியலிலும் அந்தியிலும் கிட்டத்தட்ட ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தப் பெயர். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. அவ்வளவு தூரம் பறந்து வந்து என் கொல்லையில் மண்புழு தேடிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேசாமல் நின்று பார்த்துவிட்டு, "அது போற வரைக்கும் அந்தப் பக்கம் துணி துவைக்க வேணாம்" என்றார். பத்து நாள் இருந்தது.

இவை இரவில் பயணம் செய்கிறவை என்பதால் களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் குழம்பி வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுவதும் உண்டு. அப்படி வந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய் செத்துவிடும். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாகச் சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் விட்டுவிட்டு, தெளிந்ததும் புதர் பக்கமாகத் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ சொல்வதுதான் சரி.

செடி விஷயம். தேன்சிட்டுக்கு செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, வாழை இவை போதும், இடம் இருந்தால் கல்யாண முருங்கை. சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் தொங்கவிட வேண்டாம், நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். கறிவேப்பிலையைப் பூக்கவிடாமல் ஒடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு கிளையையாவது பழுக்கவிடுங்கள், அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் வரும். இன்னும் சீக்கிரம் பலன் வேண்டும் என்றால் சிங்கப்பூர் செர்ரி, இரண்டு வருடத்துக்குள் காய்த்துவிடும், குக்குறுவானில் இருந்து சின்னஞ்சிறு பூங்கொத்தி வரை அதில் பார்க்கலாம். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம், பழம் தருகிறது என்று சொல்லி வைப்பார்கள், ஆனால் காட்டையே மூடுகிற களை அது.

பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. தேன் குடிக்கிற தேன்சிட்டும் தானியம் தின்கிற சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு, நான் அதை விட்டுவிடுவேன், மரம் மறுபடி துளிர்த்துவிடுகிறது.

இந்த எலுமிச்சையில்தான் ஒரு தப்பு செய்தேன். பங்குனி மாதம், கிளை சுவரைத் தாண்டிப் போகிறதே என்று கழித்துவிட்டேன். கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு இலையைப் பஞ்சால் சேர்த்துத் தைத்து உள்ளே மூன்று முட்டை, ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஜோடி இரண்டு நாள் அதே இடத்தில் கத்திக்கொண்டே இருந்தது. தையல்சிட்டு அடைகாப்பது சுமார் 12 நாள், குஞ்சு வெளியேற இன்னொரு 14 நாள், ஒரு மாதம் நான் பொறுத்திருந்தால் போதும். இப்போது ஜனவரியில் இருந்து ஜூலை வரைக்கும் ஒவ்வொரு இலையாகப் பார்க்காமல் கத்தி எடுப்பதில்லை.

தண்ணீர் கட்டாயம் வையுங்கள், சித்திரை வெயிலில் அதற்கே பாதிப் பறவை வரும். அகலமான மண் தட்டு, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்குகிற புதருக்கு ஒட்டி வைக்காமல் நாலடி தள்ளி வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தன் முட்டையைப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் அது சாகாது.

தானியம் வைத்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால் சிட்டுக்குருவிக்கு வையுங்கள், திறந்த மாடியில் இல்லை, தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்தாகத் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவி அதில் தொற்றி உருவித் தின்னும், மாடப்புறாவுக்கு அப்படித் தொங்க வராது. பக்கத்திலேயே மரப்பெட்டி மாட்டினால் ஓட்டை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும், மைனா நுழைய முடியாது. காக்காவுக்குச் சோறு வைக்கிற வழக்கம் இருந்தால் விட வேண்டியதில்லை, உப்பில்லாத சோறு ஒரு கைப்பிடி. மிக்சர், பிஸ்கட், பிரெட் வேண்டாம்.

சின்னான் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது என்றால் அது தன் நிழலை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது, ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். குஞ்சு கீழே விழுந்தால், நாம் தொட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் உண்மை இல்லை. இறகு முளைக்காததாக இருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் பறக்கப் பழகுகிறது, பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போய்விடுங்கள், தாய் எங்கேயோ பக்கத்தில்தான் நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும்.

மாடி மட்டும்தான் இருக்கிறது, மண் தரை இல்லை என்றாலும் பெரிய தொட்டியில் செம்பருத்தி, மாதுளை, கறிவேப்பிலை மூன்றும் வரும். தானியத்தை நிறுத்தினால் புறா உடனே போகாது, சில வாரம் வந்து தேடும், அதைப் பார்த்து மனசு இளகி மறுபடி அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.